பத்தில் நிற்கிற கை

வெற்றிச்செல்வி என் தம்பி பொண்டாட்டி. நான் அவளுக்கு நாத்தனார். ஒரு நாத்தனார் தன் தம்பி மனைவியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுகிறாள் என்றால் அதில் கலப்படம் இருக்காது என்று நம்பிப் படிக்கலாம். அவளிடம் குறையும் உண்டு. அதையும் விடப்போவதில்லை.

பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் எங்கள் வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரரும், மாடியில் தம்பி செல்லதுரையும் அவளும். தம்பிக்கு சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடித்துக் கொடுக்கிற தொழில். வெற்றிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலை ஏழு மணிக்கே சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்கு ஊசி குத்த ஆரம்பித்துவிடுவாள். கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் பாதிப் பேர் தங்களை அறியாமல் சட்டைக் கையை மடிப்பார்கள்.

அவளுக்குக் குன்னம் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியவர்கள். பெண்ணை மட்டும் அரியலூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். அந்த விடுதியின் ஜெபக்கூடத்தில் ஒரு கிட்டார் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. எடுத்துத் தட்டித் தடவி, தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள்.

பெண் பார்க்கப் போன அன்று எங்கள் அம்மா வழக்கப்படி, "பாடத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "பாடத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கிட்டாரோடு வந்து உட்கார்ந்தாள். அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. செல்லதுரை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். இது சரிப்படாது என்று நான் அன்றைக்கே சொன்னேன். இருபது வருஷமாகச் சரிப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, கிருஷ்ணமூர்த்தி என்பவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் பன்னிரண்டு வருஷம் வாசித்தாள். குன்னத்தில் திருவிழா, லப்பைக்குடிக்காட்டில் கல்யாணம், ஜெயங்கொண்டத்தில் வரவேற்பு என்று வாரக் கடைசியில் அவளை வீட்டில் பார்க்க முடியாது. பிறகு ஒருநாள் கிருஷ்ணமூர்த்தி, "கீபோர்டுலயே கிட்டார் டோன் நல்லா வருதும்மா. வேன்ல எடமும் தாராளமா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் அழவில்லை. கிட்டாரைத் துணியில் சுற்றி பீரோ மேலே வைத்தாள். கீழே வந்து என்னோடு சீரியல் பார்க்க உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷம் பார்த்தோம். எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் டிவியில் யார் யாரை அடித்தாலும் அவளுடைய இடது கை விரல்கள் சோபாவின் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்கும். என் சோபாவில் அந்த இடம் இன்றைக்கும் நைந்துபோய் இருக்கிறது.

இப்படி இருக்கையில்தான் அம்பிகா என்ற பெண் பெங்களூரிலிருந்து போன் செய்தார். அரியலூரில் பிறந்து வளர்ந்தவர். அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவராம். ஸ்பெயின் தேசத்துக்குப் போய் ஃபிளமென்கோ என்ற ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக ஆடுகிறார். சொந்த ஊரில் ஒரு கல்லூரி விழாவில் முதல் தடவையாக ஆடப் போகிற நேரத்தில், அவருக்கு வாசிக்கிறவர் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பக்கத்தில் கிட்டார் வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று தேடியபோது, பழைய குன்னம் திருவிழா வீடியோ ஒன்று அவர் கையில் சிக்கியிருக்கிறது. விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது.

பீரோ மேலிருந்து கிட்டார் இறங்கியது. அது மட்டும் போதாது, இந்த ஆட்டத்துக்கு நைலான் தந்தி வேண்டும் என்று அம்பிகாவே ஒரு கிட்டாரை அனுப்பி வைத்தார். நகமும் வேண்டுமாம். மெல்லிசையில் வெற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையால் மீட்டுவாள். இதிலே வெறும் விரல்தான். சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தந்திமேல் விசிறிவிட வேண்டும். வாசல் தெளிக்கும்போது தண்ணீரை விசிறுவோமே, அப்படி. வலது கையில் நகம் வளர்த்த லேப்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கையுறை கிழிகிறது என்று லேப் முதலாளி முறைத்தார். அவள் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு குத்தினாள்.

இரண்டு வாரம் கழித்து முதல் ஒத்திகை, அரியலூரில். வேடிக்கை பார்க்க நானும் கூடவே பஸ் ஏறினேன். அம்பிகா ஒல்லியான, சுறுசுறுப்பான பெண். குதியிலும் முனையிலும் ஆணி அடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு தரையை மிதித்தார் பாருங்கள், இந்தப் பெண்ணுக்குத் தரைமேல் என்ன இவ்வளவு கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது கோபம் இல்லை, கும்மாளம் என்று புரிந்துவிட்டது. அவர்கள் ஆடப்போவதன் பெயர் அலெக்ரியாஸ். அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு அர்த்தமே சந்தோஷங்கள் என்பதாம்.

வெற்றி நன்றாகத்தான் வாசித்தாள். கெட்டது எல்லாம் முடிவில்தான். அம்பிகா படபடவென்று மிதித்துக்கொண்டே வந்து, கையைத் தூக்கிச் சிலை மாதிரி நிற்பார். அறையே அமைதியாக இருக்கும். அப்போது கிட்டாரிலிருந்து 'ஜங்' என்று ஒரு சத்தம் வரும். மறுபடி ஆடினார்கள். மறுபடி சிலை, மறுபடி ஜங். ஐந்து தடவை அப்படியே. ஐந்தாவது தடவை மற்ற இரண்டு பெண்களும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அம்பிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, உங்க வாசிப்பு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா நான் நிக்கிற எடத்துல நீங்களும் நின்னாத்தான் ஆட்டம் நிக்கும். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு இன்னொரு தடவ பாப்போம். அன்னிக்கும் வரலைன்னா லேப்டாப்ல பதிவு பண்ண டிராக் போட்டு ஆடிக்கிறோம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நியாயமான பேச்சு. ஆனால் வெற்றியின் முகத்தை நான் பார்த்தேன். கீபோர்டு ஒருமுறை இறக்கிவிட்ட வண்டியில் இப்போதுதான் ஏறியிருந்தாள். இனி லேப்டாப்பும் இறக்கிவிட்டால் கிட்டார் மறுபடி பீரோ மேலேதான். அதற்குப் பிறகு இறங்காது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் டிபன் பாக்ஸின் மேல் தட்டிக் காட்டினாள். "பன்னெண்டு அடி அண்ணி. தகிட தகிட தக தக தக. கடைசி 'தக' இருக்குல்ல, அதுல 'த' விழுறதுதான் அவங்க கணக்குல பத்து. அங்கயே நின்னுடுறாங்க. நம்ம ஊருல தவிலா இருந்தாலும் பஜனையா இருந்தாலும், அடுத்த சுத்தோட மொத அடியில வந்து உக்காந்தாத்தான் முடிஞ்ச மாதிரி. என் கை அந்த மொத அடிக்குப் போயிடுது. ரெண்டே அடிதான் தள்ளி. மூளைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல."

"கையக் கட்டி வச்சிக்க" என்றேன். நான் சொன்ன யோசனைகளில் அது ஒன்றும் மோசமானதில்லை.

வீட்டுக்கு வந்து செல்போனில் வீடியோ போட்டுப் பழகினாள். இரண்டே நாளில் வீடியோவோடு பத்தில் நிற்க வந்துவிட்டது. ஆனால் அவளுக்குத் திருப்தி இல்லை. "வீடியோ நேத்து நின்ன எடத்துலதான் இன்னிக்கும் நிக்குது. மனப்பாடம் ஆயிடுச்சு. அவங்க இஷ்டத்துக்கு நிப்பாங்க. எனக்கு உயிருள்ள காலு வேணும் அண்ணி."

அடுத்த தெருவில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் சம்பூர்ணம் டீச்சரைக் கூப்பிட்டோம். ஆசையாக வந்தார். எப்படி வேண்டுமானாலும் ஆடுங்கள், எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள் என்றாள் வெற்றி. சம்பூர்ணம் டீச்சர் பிரமாதமாக ஆடி, அடுத்த சுற்றின் முதல் அடியில் கச்சிதமாக நின்றார். கிட்டாரும் அங்கேயே கச்சிதமாக விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்து சிரித்தார்கள். பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்து, தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆறு தடவை முயன்றும் டீச்சரின் கால் வேறெங்கும் நிற்க மாட்டேன் என்றுவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்போதுதான் வேலை முடிந்து செல்லதுரை படியேறி வந்தான். சைட்டுக்குப் போடும் கனமான ஷூவோடு, தடதடவென்று. வெற்றி அவன் காலையே பார்த்தாள்.

என் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தாளம் என்பது அவன் உடம்பில் ஒரு பொட்டும் கிடையாது. கல்யாண வீட்டில் எல்லோரும் கைதட்டினால் இவன் கை மட்டும் தனியாகக் கேட்கும். சின்ன வயதில் பள்ளிக்கூட அணிவகுப்பில் இவனால் மொத்த வரிசையும் கால் மாறி, வாத்தியார் இவனைத் தண்ணீர்ப் பானைக்குக் காவல் போட்டார். எங்கள் குடும்பத்துக்கே இது ஒரு தலைக்குனிவு.

அந்த ஆளைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். மாடி அறையில் ஒரு சென்ட்ரிங் பிளைவுட் பலகையைப் போட்டு, அவனை ஷூவோடு ஏற்றி நிறுத்தினாள். "இஷ்டத்துக்கு மிதிங்க. தோணுற எடத்துல டக்குன்னு நில்லுங்க. அவ்வளவுதான்."

"தப்பா மிதிச்சா?"

"உங்களுக்குத் தப்பா மிதிக்கத்தான் தெரியும். அதான் வேணும்."

முதல் அடி எது என்றே தெரியாதவன் அதில் எப்படி நிற்பான்? நாலில் நின்றான், ஏழரையில் நின்றான், கணக்கிலேயே வராத இடத்தில் எல்லாம் நின்றான். அவள் கை ஒவ்வொரு தடவையும் ஏமாந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு வரை இதே கூத்து.

இது நடந்தது என் தலைக்கு மேலே. என் வீட்டுக்காரர் திருமுருகன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தபால் ஆபீஸில் நாள் முழுக்க முத்திரை குத்துகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறவள் நான். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று படியேறினேன். கதவைத் திறந்தால், நாற்பத்தெட்டு வயது ஆள் ஒருத்தன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைமேல் குதிக்கிறான், எதிரே நாற்பத்துமூன்று வயதுக்காரி கிட்டாரோடு அவன் முழங்காலை உற்றுப் பார்க்கிறாள், இரண்டு பேர் கண்ணிலும் சிரித்துச் சிரித்து நீர். சண்டை போடப் போனவள் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எண்ணுவதையே நிறுத்திவிட்டிருந்தாள். "நிக்கப் போறதுக்கு முன்னாடி மூச்சப் புடிக்கிறாரு அண்ணி. தோள்பட்டை லேசா ஏறுது, பாருங்க." நானும் பார்த்தேன். ஏறியது. அவன் நின்றான். கிட்டாரும் நின்றது. அந்த அமைதியில் தெருவில் போகிற மினி பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. எனக்கு ஒன்றும் சம்பந்தமில்லை, ஆனால் கை தட்டிவிட்டேன்.

எட்டாம் நாள் ஒரு விபரீதம். செல்லதுரைக்குத் தாளம் வர ஆரம்பித்துவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம் மிதித்தால் கல்லுக்கே வரும். தகிட தகிட என்று அழகாக மிதித்து, முதல் அடியில் வந்து நின்று, பெருமையாக எங்களைப் பார்த்தான். வெற்றி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். "கெட்டுப் போயிட்டீங்க" என்று கத்தினாள். புருஷன் குடித்துவிட்டு வந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டாள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. வாழ்க்கையில் முதல்முதலாக வந்த தாளத்துக்குத் திட்டு வாங்கிய மனிதன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். கடைசியில் நான்தான் வழி சொன்னேன். பலகையை மிதித்துக்கொண்டே வேலையாட்களோடு போனில் பேசச் சொன்னேன். "டேய், நாலுக்கு ரெண்டு பலகைய எங்கடா வச்ச?" என்று அவன் கத்தத் தொடங்கியதும் தாளம் ஓடிப்போய்விட்டது. கோபம் வந்தால் வேகம், பதிலுக்குக் காத்திருந்தால் நிறுத்தம். அவள் அந்தப் பேச்சையே பிடித்து வாசித்தாள். மறுமுனையில் இருந்தவன், "என்ன மேஸ்திரி, கச்சேரிலயா இருக்கீங்க?" என்று கேட்டானாம்.

இரண்டாம் ஒத்திகையில் அம்பிகா மனதில் என்ன நினைத்தாரோ, சொன்ன இடம் சொல்லாத இடம் எல்லாவற்றிலும் நின்று பார்த்தார். நாலு தடவையில் நாலு தடவையும் கிட்டார் கூடவே நின்றது. ஐந்தாவது தடவை, முழுச் சுற்றாக வந்து சரியாகப் பத்தில் நின்றார். இங்கேதானே பழைய வியாதி. கை அசையவில்லை. அம்பிகா ஓடிவந்து அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். ஆனாலும் விவரமான பெண். "லேப்டாப் மேடை ஓரத்துல ரெடியா இருக்கட்டும்க்கா. எங்கயாவது சறுக்கிட்டா சவுண்டுக்காரர் டிராக்க போட்டுருவாரு" என்றார். வெற்றி சரி என்று தலையாட்டினாள். வரும் வழியெல்லாம் என் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

விழா அன்று மேடையைப் பார்த்தால் கான்கிரீட் தளம், அதன்மேல் சிவப்புக் கம்பளம். கம்பளத்தில் ஆணி ஷூ என்ன சத்தம் போடும்? செல்லதுரைதான் ஒரு டாடா ஏஸ் நிறையப் பிளைவுட்டை ஏற்றிக்கொண்டு வந்து, கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, முழு மேடைக்கும் பலகை அடித்துக் கொடுத்தான். மாலை ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பெற்றோர்கள், மாணவிகள், சிமெண்ட் ஆலைக்காரர்கள் என்று ஏகப்பட்ட கூட்டம். ஒருத்தருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரியாது.

நான் முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெற்றி மேடையின் இடப்பக்கம், கறுப்புச் சேலையில், கால்மேல் கால் போட்டு. அவளுக்கு நாலடி தள்ளி மேசைமேல் லேப்டாப், அதன் பின்னால் சவுண்டுக்காரர். அவருடைய விரல் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அந்த விரலைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம், எல்லாம் தேனாகப் போனது. அம்பிகா நடுமேடைக்கு வந்து தனியாக மிதிக்க ஆரம்பித்தார். வேகம் ஏறியது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. திடீரென்று அவர் உடம்பு ஒரு பக்கம் இழுபட்டது. இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த இடுக்கில் ஷூவின் குதி மாட்டிக்கொண்டது. என் தம்பி அடித்த பலகை.

சவுண்டுக்காரரின் விரல் நகர்ந்தது. வெற்றி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் கண் அம்பிகாவின் தோள்மேலேயே இருந்தது. கிட்டாரின் சத்தத்தைத் தணித்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாத வாசிப்பு. ஒரு சுற்று போயிற்று. இன்னொரு சுற்று. மற்ற இரண்டு பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டு சன்னமாகக் கைதட்டினார்கள். சவுண்டுக்காரரின் விரல் பட்டனை அழுத்தாமல் அப்படியே நின்றுவிட்டது. அம்பிகா பாவாடை மறைவில் குதியைத் திருகி எடுத்தார். எடுத்தவர் உடனே ஆடவில்லை. முனையால் ஒரே ஒரு தட்டு. கிட்டாரில் ஒரே ஒரு தட்டு. இவர் இரண்டு, அவள் இரண்டு. அம்பிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடையிலேயே சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் கிளம்பினார்கள் பாருங்கள், பலகை அதிர்ந்தது, எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. உச்சத்துக்குப் போய், தோள் ஏறி, பத்தில் நின்றார் அம்பிகா. வெற்றியின் கை தந்திமேல் பொத்தி நின்றது.

மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. இரண்டு அடி கழித்து, அந்த முதல் அடியில், ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். எங்கள் ஊர்க் கை எங்கே விழுமோ அங்கே விழுந்தது. அதில் ஒரு கை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடைக்குப் பின்னால் நாங்கள் போனபோது செல்லதுரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க மேடம், அந்த இடுக்க நான் பாக்கல" என்றான். அம்பிகா அவனைக் கவனிக்கவே இல்லை. வியர்வையோடு வந்து வெற்றியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டிராக் ஓடியிருந்தா அது என்னை வுட்டுட்டுப் போயிருக்கும்க்கா. நான் அங்கயே ஒத்தக் கால்ல நின்னுருப்பேன். பொறந்த ஊருல, அத்தனை பேருக்கு முன்னாடி" என்றார்.

வெற்றி இருபது வருஷமாக என்னோடு இருக்கிறாள். யாராவது பாராட்டினால், அதெல்லாம் ஒன்றுமில்லைங்க என்று நழுவிவிடுவாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான். அன்றைக்கு நழுவவில்லை.

"நீங்க எம்மா நேரம் நின்னுருந்தாலும் நானும் நின்னுருப்பேங்க" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, நன்றாகவே அழுதேன்.